பச்சை உடம்புக்காரிக்கு மனச்சோர்வு: யாரிடம் சொல்வது, எங்கே போவது?

வாசகியின் கடிதம்

திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். முதல் பிரசவம், சிசேரியன். பெண் குழந்தை பிறந்து பதினொரு வாரம் ஆகிறது. தாய் வீட்டில் இருக்கிறார். ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

பிரசவமான மூன்றாம் நாள் தனக்குத் தொடங்கிய அழுகை இன்னும் நிற்கவில்லை என்கிறார். குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வருவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. “பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வதுபோல் இருக்கிறது, என் பிள்ளை என்ற எண்ணமே வரவில்லை” என்று எழுதியிருக்கிறார். கிணற்றடியைத் தாண்டும்போது குழந்தையை உள்ளே போட்டுவிடுவோமோ என்ற நினைப்பு வந்து உடம்பு நடுங்குகிறது. அதனால் அந்தப் பக்கமே போவதில்லை. அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவைக்கச் சொல்லிவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பாட்டிதான்.

அம்மா, பச்சை உடம்பில் காற்றுக் கருப்பு பட்டிருக்கும் என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் கணவர், “என் அம்மா நான்கு பெற்றாள், ஒரு நாளும் இப்படி உட்கார்ந்து அழுததில்லை” என்கிறார். குழந்தையைப் பார்க்க வந்த மாமியார், அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதே வீட்டில் இருக்கும் அண்ணி மட்டும்தான் “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறாராம். கடிதம் இப்படி முடிகிறது: “நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி. மனதைத் திடப்படுத்திக்கொண்டால் இது தானாகச் சரியாகாதா? மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாதாமே? யாருக்கும் தெரியாமல் எங்கே போவது? மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் விவாகரத்து கேட்பார்களா, குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா? இன்னொரு பிள்ளை என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.”

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாக எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ‘நான் இல்லாமல் போனால் நிம்மதி’ என்ற வரியைக் கடந்து எந்த மருத்துவரும் அடுத்த கேள்விக்குப் போக மாட்டார். இப்படி எழுதும் பெண்கள் பலரும் சாக வேண்டும் என்று விரும்பி எழுதுவதில்லை. இந்த வேதனை நின்றால் போதும் என்ற களைப்பில் எழுதுகிறார்கள். ஆனாலும் அந்த நினைப்பு ஒரு கெட்ட ராத்திரியில் சட்டென்று வலுத்துவிடும். அதனால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, எனக்கு எழுதிய அந்த வரியை உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். இரண்டு, அப்பாவுக்குத் தோட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூச்சிமருந்து, எலி மருந்து எது வீட்டில் இருந்தாலும் அதை வெளியே கொண்டுபோய்ப் பூட்டி வைக்கும் பொறுப்பை அண்ணியிடம் விடுங்கள். மாத்திரைப் பெட்டியும் அவரிடமே இருக்கட்டும். உயிர் போக்கும் பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே அந்தக் கெட்ட நேரம் பெரும்பாலும் கடந்துபோய்விடும் என்பது எங்கள் துறையில் திரும்பத் திரும்ப நிரூபணமான உண்மை.

நினைப்பு வலுக்கிறது, எப்படிச் செய்வது என்று மனம் யோசிக்கத் தொடங்குகிறது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். ‘டெலி மானஸ்’ என்னும் அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். இல்லையென்றால் 108 ஆம்புலன்ஸில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிரசவ வலி எடுத்தால் நேரம் பார்த்தா போவோம்? இதற்கும் அதே அவசரம்தான்.

இது மனத்திடம் சம்பந்தப்பட்டது இல்லை

பிள்ளை பெற்ற மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. கர்ப்ப காலத்தில் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஓரிரு நாளில் சரிந்து விழுகின்றன. கூடவே தூக்கமில்லை, தையல் வலி, மார்பில் பால் கட்டிய வலி. அந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். வீட்டுப் பெரியவர்கள் ‘எல்லோருக்கும் இருப்பதுதான்’ என்று சொல்வது அந்த அழுகையைப் பார்த்துத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குப் பதினொரு வாரமாகிவிட்டது. பசி போய்விட்டது, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்ற நோய். நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் நோயை உறுதி செய்யக் கூடாது. ஆனால் இந்த வாரமே நேரில் காட்ட வேண்டும் என்று சொல்ல உங்கள் கடிதமே போதும்.

2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்தியத் தாய்மார்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இந்த மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர். உங்கள் தெருவிலேயே எத்தனை பேர் இதை வாய்விட்டுச் சொல்லாமல் கடந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு பெற்ற உங்கள் மாமியார் ஒரு நாளும் அழவில்லை என்பது, அவர் அழுததை மகன் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டு கிராமப் பெண்களைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடங்கிப் பிரசவத்துக்குப் பிறகும் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2002இல் வெளியிட்டார்கள். யாருக்கு மனச்சோர்வு அதிகம் வந்தது தெரியுமா? வருமானம் குறைந்தவர்கள், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகளைப் பெற்றவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் பெருந்துயரம் எதையாவது கண்டவர்கள், கூடமாட உதவ ஆள் இல்லாதவர்கள். ‘மனத்திடம் இல்லாதவர்கள்’ என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. அடுத்ததாவது பையனாக இருக்கட்டும் என்ற அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அது சாதாரணப் பேச்சு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கிணற்றடி நினைப்பு

கடிதத்தில் உங்களை அதிகம் வதைப்பது இதுதான் என்று தெரிகிறது. மற்றதையெல்லாம் விளக்கி எழுதிய நீங்கள், இதை மட்டும் இரண்டு வரியில் எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள்.

பெற்ற தாய்க்குக் குழந்தையைப் பற்றிய கொடூரமான காட்சி ஒன்று கேட்காமலே மனதில் பாய்வது, நீங்கள் நினைப்பதைவிட மிகமிகச் சாதாரணம். கை நழுவிவிடுமோ, தலையணை முகத்தில் அழுந்திவிடுமோ, கத்தி பட்டுவிடுமோ என்று மனச்சோர்வே இல்லாத தாய்மார்களுக்கும் வரும். மனச்சோர்வும் தூக்கமின்மையும் சேரும்போது அது விடாமல் வரும், ஒட்டிக்கொள்ளும். அந்த நினைப்பு வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைக் கவனியுங்கள். நடுங்கினீர்கள். கிணற்றுப் பக்கம் போவதை நிறுத்தினீர்கள். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றச் சொன்னீர்கள். தீங்கு செய்யும் எண்ணம் உள்ளவர் செய்கிற காரியமா இது? குழந்தைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று பதறுகிற மனம்தான் இத்தனை வேலி போடும். இந்த வகை நினைப்புகள் செயலாக மாறுவது மிக மிக அரிது. பேச்சு சிகிச்சையிலும் மருந்திலும் நன்றாகவே குறையும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு நிலை இருக்கிறது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மனச்சிதைவு போன்ற தீவிர நிலை வரும். நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசுவது, யாருக்கும் கேட்காத குரல் கேட்பது, குழந்தையிடம் ஏதோ தெய்வமோ பேயோ புகுந்திருக்கிறது என்று உறுதியாக நம்புவது, சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிப்பது, இருக்கும் இடமே தெரியாமல் தடுமாறுவது. அப்போது அந்தப் பெண்ணுக்குத் தன் நினைப்பைப் பற்றிப் பயம் இருக்காது. அதுவே சரி என்று தோன்றும். அந்த நிலையில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் உடனே கிளம்ப வேண்டும் என்று அண்ணிக்குச் சொல்லி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது இந்தக் கிணற்றடி நினைப்பை மறைக்காதீர்கள். நாங்கள் இதைக் கேட்டு அதிர்ந்துபோக மாட்டோம். மிகப் பலரிடம் கேட்டிருக்கிறோம்.

குழந்தைமேல் ஒட்டுதல் வரவில்லையே என்ற குற்றவுணர்வுக்கும் ஒரு வார்த்தை. மனச்சோர்வு முதலில் மழுங்கடிப்பது பாசத்தை உணரும் திறனைத்தான். பதினொரு வாரமாக, மனம் ஒட்டாமலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பால் கொடுத்திருக்கிறீர்கள். உடம்பு தேறத் தேற அந்த உணர்வு திரும்பி வரும்.

எங்கே போவது

‘யாருக்கும் தெரியாமல்’ என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியார் யாருக்கும் தெரியாமல் போகலாம். வீட்டில் ஒருவருக்காவது தெரியாமல் போக முடியாது, போகவும் வேண்டாம். கைக்குழந்தையோடு பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய் வர ஒரு துணை வேண்டும்.

உங்களுக்குக் கிட்டத்தில் உள்ளது திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் எல்லா மாவட்டத்திலும் அரசு மனநல மருத்துவர் உண்டு. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வருவார்கள். எந்த நாள், எந்த ஊர் என்று 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலோ 14416 எண்ணிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. புகுந்த வீட்டுக்குப் போன பிறகு கோவையிலேயே சிகிச்சையைத் தொடரலாம். சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

நேராக மனநலப் பிரிவில் போய் உட்காரத் தயக்கமாக இருந்தால், பிரசவம் பார்த்த மருத்துவரிடம் தொடங்குங்கள். அல்லது குழந்தைக்குப் பதினான்காம் வாரத் தடுப்பூசி வருகிறது அல்லவா, அன்றைக்கு கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். இவ்வளவு நாளும் அவர் குழந்தையின் எடையைப் பார்த்திருப்பார். உங்களைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். கேட்காவிட்டாலும் சொல்லலாம். ஆனால் மூன்று வாரம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று, 1987இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, தூங்க முடியாத அளவு வருத்தமா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று பத்துக் கேள்விகள். தமிழ் வடிவத்தையும் வேலூரில் சோதித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் மட்டும் நோயைத் தீர்மானிக்காது; அதை வைத்துப் பேச்சைத் தொடங்குவோம். பிறகு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தாறுமாறாவது அபூர்வமில்லை. அதுவே சோர்வாகவும் படபடப்பாகவும் தெரியும். சிசேரியனில் ரத்தம் போயிருக்கும். பத்தியம் என்ற பெயரில் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே மறுபடி தொடங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் அதைச் சாப்பிட வேண்டும். தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதும் உண்மையில்லை. பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும்.

உங்களுக்கோ ரத்த உறவில் யாருக்கோ இதற்கு முன் அளவுமீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள், தாறுமாறான செலவு என்று ஏதாவது வந்திருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். இப்படி அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ள குடும்பம் என்றால் மருந்துத் தேர்வே மாறும்.

மாத்திரையும் தாய்ப்பாலும்

மாத்திரை சாப்பிட்டால் பாலை நிறுத்த வேண்டும் என்ற பயத்தால் சிகிச்சைக்கே வராமல் போகும் தாய்மார்கள் அதிகம். மனச்சோர்வுக்கான மருந்துகளில் சிலவற்றைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். செர்ட்ரலின் என்ற மருந்தைத்தான் பெரும்பாலும் முதலில் யோசிப்போம். அது பாலில் கலக்கும் அளவு மிகக் குறைவு. உங்கள் குழந்தை குறைமாதத்தில் பிறக்கவில்லை, எடையும் ஏறிவருகிறது என்பதால் கவலைக்கு இன்னும் இடம் குறைவு. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறதா, பால் குடிப்பது குறைகிறதா என்று கவனித்தால் போதும்.

இது தூக்க மாத்திரை போன்றதில்லை, அடிமைப்படுத்தாது. முதல் சில நாள் குமட்டல், வயிற்றுப்போக்கு, லேசான பதற்றம் இருக்கலாம், தானே அடங்கும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்துவதும்தான் அதிகம் நடக்கும் தவறுகள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார். கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிட மட்டும் வேண்டாம். குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மருந்து மயக்கத்தில் தூங்குவது ஆபத்து.

மருந்து இல்லாமல் பேச்சு சிகிச்சையால் மட்டும் சரியாக்க முடியுமா? லேசான, நடுத்தர மனச்சோர்வில் முடியும். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2008இல் வெளிவந்தது. மனநலத்தில் பட்டம் எதுவும் இல்லாத கிராமப் பெண் சுகாதாரப் பணியாளர்கள், பயிற்சி பெற்று, மனச்சோர்வு உள்ள தாய்மார்களின் வீட்டுக்கே போய் முறையாகப் பேசினார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அப்படிப் பேசப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. முறையான பேச்சு இல்லாமல் வீட்டு வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். பேச்சுக்கு அவ்வளவு வலு உண்டு. ஆனால் வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு வந்துவிட்ட உங்களுக்கு, பேச்சோடு மருந்தும் சேர்வதே நல்லது என்பது என் கருத்து. நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அம்மா கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை. அது அவர் கவலையின் அடையாளம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வதும் தொடரட்டும். விரதம், பட்டினி, புகை போடுவது, அடிப்பது என்று போனால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போவதும் அந்த வேண்டுதல் பலித்த வழிதான் என்று அம்மாவிடம் சொன்னால் அவர் மறுக்க மாட்டார்.

குழந்தையைப் பறிப்பார்களா?

மாட்டார்கள். வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுவதால் உங்கள் உரிமை எதுவும் குறையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதில் உங்கள் பக்கம் நிற்கிறது. மருத்துவமனையில் சேர நேர்ந்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம். அப்போதும் கண்காணிப்போடு தாய் குழந்தையைப் பார்க்க உரிமை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தே சிகிச்சை தரும் தனிப் பிரிவு நடக்கிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டம். சொந்தக்காரர் யாராவது மருத்துவமனைக்கு போன் செய்து விசாரித்தாலும் பதில் சொல்ல மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு.

விவாகரத்து பற்றிய பயத்துக்கும் சொல்கிறேன். மனநோய் இருந்தது என்ற ஒரே காரணத்தைக் காட்டி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிவிட முடியாது. சேர்ந்து வாழவே முடியாத அளவு தீவிரமான நோய் என்று நிரூபிக்க வேண்டும் என இந்து திருமணச் சட்டம் கேட்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வந்து, சிகிச்சையில் குணமாகும் மனச்சோர்வு அந்த வரையறைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பதும் சட்டம். யாராவது மிரட்டினால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். மகளிர் உதவி எண் 181.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்கட்டும். மகப்பேறு விடுப்பு 26 வாரம். பிரசவத்தின் விளைவாக நோய் வந்தால் மருத்துவச் சான்றின் பேரில் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்புக் கேட்க வழி இருக்கிறது.

கணவருக்கும் வீட்டாருக்கும்

இந்தப் பகுதியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, உங்கள் மனைவிக்கு வந்திருப்பது நோய். காய்ச்சலில் கிடப்பவரிடம் ‘என் அம்மாவுக்குக் காய்ச்சலே வந்ததில்லை’ என்று சொல்வீர்களா? அறிவுரை ஒன்றும் வேண்டாம். முதல் தடவை மருத்துவமனைக்கு நீங்கள் கூடப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளி பிரிவு இருக்காது, ஒரு நாள் விடுப்புப் போட்டு வாருங்கள். உங்கள் அம்மாவிடம் பெண் குழந்தை பேச்சை நிறுத்தச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். மருமகள் சொன்னால் சண்டையாகும், மகன் சொன்னால் கேட்பார்கள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒன்று, இவரைத் தூங்க வைப்பது. இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு இவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். சாயங்காலமே பிழிந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்த தாய்ப்பாலை, வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவுப் பசிக்கு அம்மாவோ அண்ணியோ அதைப் பாலாடையில் புகட்டலாம். ஞாயிறு இரவு தங்க முடிந்தால் அந்த முறை உங்களுடையது. தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கட்டும். துண்டு துண்டாக எட்டு மணி நேரம் தூங்குவது இதற்கு ஈடாகாது. பிழிந்த பால் போதவில்லை என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டு ஒரு வேளை பால் மாவு கொடுத்தாலும் குற்றமில்லை. தாய் உயிரோடும் தெளிவோடும் இருப்பதைவிட எந்தப் பாலும் பெரிதில்லை.

உங்களுக்கே தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். பத்தில் ஒரு தந்தைக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருகிறது.

ஐந்தாம் மாதம் கோவைக்கு அனுப்பும் விஷயத்தில், நாள் பார்ப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மருந்து பலன் தரத் தொடங்காமல், அங்கே பகலில் உதவ ஆள் யார் என்று முடிவாகாமல், இவரை இடம் மாற்ற வேண்டாம். ஒரு மாதம் தள்ளிப்போனால் எந்தச் சீரும் குறையாது.

சகோதரி, இன்னொரு பிள்ளை பற்றிய பயத்துக்கு வருகிறேன். இந்த நிலையில் அதைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ‘வேண்டவே வேண்டாம்’ என்ற முடிவும் வேண்டாம், பையனுக்காக உடனே என்ற நெருக்கடிக்குச் சம்மதிப்பதும் வேண்டாம். பால் கொடுத்தால் கருத்தரிக்காது என்று நம்பியிருக்காமல், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே கருத்தடை பற்றிப் பேசிவிடுங்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் பிற்காலத்தில் கருத்தரிக்க நினைத்தால், அதற்கு முன்பே மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். மருந்தைத் தொடர்வதா, பிரசவமான முதல் வாரத்திலிருந்து யார் இரவில் விழிப்பது, எந்த அடையாளம் கண்டால் உடனே வருவது என்று எல்லாவற்றையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்த முறை கொடுத்த மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எது உங்களுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்கு அப்போது அதுதான் சான்று.